கல்லூரி ஹாக்கி பிளேஆஃப் கணிப்புப் போட்டி: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கிதான் பேச்சு. முதல் மூன்று வாரம் ஆறு கான்ஃபரன்ஸ்களின் (கல்லூரி அணிகள் பிரிந்து ஆடும் லீக்குகள்) பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்றுகள். அப்புறம் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு நடத்தும், பதினாறு அணிகள் மோதும் தேசியப் போட்டி. ஏப்ரலில் அதன் கடைசி நான்கு அணிகள் ஆடும் ஃப்ரோஸன் ஃபோர். யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்கி, புள்ளி கூட்டி, கடைசியில் ஒருவருக்கு ஒரு ஜெர்சி கொடுக்கும் சின்னப் போட்டியை நான் நடத்தி வருகிறேன். நாற்பது பேர் வரை சேர்வார்கள். கையில் இருப்பது ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு கூகுள் ஷீட், அவ்வளவுதான்.

ஒரு புள்ளி பிசகினாலும் மனம் நோகும். தன் கல்லூரி அணிக்காக இருபது வருடம் பனியில் நின்று கத்தியவர் எழுதிக் கொடுத்த கணிப்பு அது. அதனால் எனக்கு வந்த கோளாறுகளையும் அவற்றைச் சரிசெய்த விதத்தையும் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் சிக்கலை மட்டும் தேடிப் படித்தால் போதும். எதில் கை வைப்பதற்கும் முன்னால் ஷீட்டை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"2-0 என்று போட்டவர்களுக்குப் புள்ளி வருகிறது, 2-1 என்று போட்டவர்களுக்கு வரவில்லை"

கான்ஃபரன்ஸ் பிளேஆஃபில் சில சுற்றுகள் மூன்றுக்கு இரண்டு ஆட்டம் ஜெயிக்கும் தொடர்கள். ஈசிஏசி என்ற கான்ஃபரன்ஸின் காலிறுதி அப்படித்தான். தொடர் 2-0 என்று முடியுமா, 2-1 என்று முடியுமா என்பதற்கும் நாம் புள்ளி வைக்கிறோம். ஞாயிறு இரவு முடிவை உள்ளிட்டால், 2-0 கணித்தவர்கள் எல்லோருக்கும் புள்ளி சரியாக ஏறுகிறது. 2-1 கணித்தவர்களில் ஒருவருக்குக்கூட ஏறவில்லை. ஃபார்முலாவை எத்தனை முறை பார்த்தாலும் தப்பே தெரியாது.

முடிவு எழுதிய கட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். 2-0 இடப்பக்கம் ஒட்டி நிற்கும், 2-1 வலப்பக்கம் ஒட்டி நிற்கும். அந்த 2-1 மேல் ஒரு முறை கிளிக் செய்து மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள், பிப்ரவரி முதல் தேதி என்று இருக்கும். ஷீட் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டுவிட்டது. பிப்ரவரி பூஜ்யம் என்று ஒரு தேதி கிடையாது, அதனால் 2-0 மட்டும் எழுத்தாகவே தப்பித்தது. கணிப்புப் பக்கத்தில் 2-1 எழுத்தாகவும் முடிவுப் பக்கத்தில் தேதியாகவும் இருந்தால் இரண்டும் எப்படிப் பொருந்தும்?

அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் மெனுவில் வெறும் எழுத்து என்று மாற்றிவிட்டு, பிறகு 2-1 என்று மறுபடி தட்டச்சு செய்யுங்கள். ஃபார்மேட்டை மட்டும் மாற்றினால் பழைய தேதி எழுத்தாகத் திரும்பி வராது. அடுத்த வருடத்திலிருந்து கேள்வியையே மாற்றிக்கொள்ளலாம். நான் இப்போது "இரண்டே ஆட்டத்தில்", "மூன்றாவது ஆட்டம் வரை" என்று இரண்டு விருப்பங்கள்தான் தருகிறேன். கோடு போட்ட எண்ணே ஷீட்டுக்குள் வருவதில்லை.

"நான் எழுதிய அணிக்குப் பதில் வேறு அணிக்குப் புள்ளி போயிருக்கிறது"

கல்லூரி ஹாக்கிக்கென்றே உள்ள தலைவலி இது. மின்னசோட்டா, மின்னசோட்டா ஸ்டேட், மின்னசோட்டா டுலூத் மூன்றும் தனித்தனி அணிகள். மிஷிகன், மிஷிகன் ஸ்டேட், மிஷிகன் டெக், வெஸ்டர்ன் மிஷிகன், நார்தர்ன் மிஷிகன் என்று ஐந்து. ஹாக்கி ஈஸ்ட் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே யூமாஸும் இருக்கிறது, யூமாஸ் லோவலும் இருக்கிறது. பாஸ்டன் கல்லூரி வேறு, பாஸ்டன் பல்கலைக்கழகம் வேறு, நார்த்ஈஸ்டர்னும் அதே ஊர்தான். எம்எஸ்யூ என்று சுருக்கி எழுதினால் அது மிஷிகன் ஸ்டேட்டா மின்னசோட்டா ஸ்டேட்டா என்று எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

2025-இல் இவை எல்லாம் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. தேசியப் போட்டியின் பதினாறு அணிகளையும் நான்கு நான்காகப் பிரித்து நான்கு ஊர்களில் ஆடவைப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு ரீஜனல். ஃபார்கோ ரீஜனலில் இருந்த நான்கு அணிகளில் இரண்டு, மின்னசோட்டாவும் மின்னசோட்டா ஸ்டேட்டும். டோலிடோ ரீஜனலில் முதல் சீடாக (சீடு என்பது அணிக்குத் தரும் தரவரிசை எண்) மிஷிகன் ஸ்டேட். என் ஷீட்டில் வெளியேறிய அணிகளைச் சிவப்பாக்க ஒரு விதி போட்டு வைத்திருந்தேன், "இந்தப் பெயர் உள்ளே இருந்தால் சிவப்பாக்கு" என்று. மின்னசோட்டா என்ற சொல் மின்னசோட்டா ஸ்டேட்டுக்குள்ளும் இருக்கிறது, இரண்டும் சிவந்துவிட்டன. யூமாஸிடம் மின்னசோட்டா ஓவர்டைமில் 5-4 என்றும், வெஸ்டர்ன் மிஷிகனிடம் மின்னசோட்டா ஸ்டேட் இரண்டாவது ஓவர்டைமில் 2-1 என்றும் ஒரே நாளில் தோற்றதால் அந்த வருடம் யாருக்கும் பாதகம் இல்லாமல் போனது. அந்த இரண்டாவது ஓவர்டைமில் பக் (ஐஸ் ஹாக்கியின் வட்டு) மறுபக்கம் போயிருந்தால், உயிரோடு இருக்கும் அணியை நான் சிவப்பாக்கி வைத்திருப்பேன்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, "உள்ளே இருந்தால்" என்று தேடும் விதிகளை எல்லாம் "முழுவதும் பொருந்தினால்" என்று மாற்றுங்கள். இரண்டு, பெயரைத் தேடி எடுக்கும் வி-லுக்அப் ஃபார்முலாவைப் பயன்படுத்தினால் கடைசியில் ஃபால்ஸ் என்று கட்டாயம் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் ஷீட் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும், பட்டியல் அகர வரிசையில் இல்லாவிட்டால் சம்பந்தமே இல்லாத அணியின் முடிவு வந்து நிற்கும். மூன்று, பெயருக்குப் பின்னால் தெரியாமல் விழுந்த காலி இடம். ட்ரிம் ஃபார்முலா அதைக் கழித்துவிடும்.

மூலத்திலேயே தடுக்க வேண்டுமென்றால் யாரையும் அணிப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஃபார்மில் டிராப்டவுன் வைத்துவிடுங்கள். பெயருக்கு முன்னால் சீடு எண்ணையும் சேர்த்தால் இன்னும் நல்லது. அந்த ஃபார்கோ ரீஜனலில் "2 மின்னசோட்டா", "4 மின்னசோட்டா ஸ்டேட்" என்று எழுதியிருந்தால் குழப்பத்துக்கே இடம் இருந்திருக்காது.

"நான் கணித்த அரையிறுதி ஜோடியே வரவில்லை"

ஷீட்டில் தப்பு தேடாதீர்கள், இது போட்டியை அமைத்த விதத்தில் உள்ள கோளாறு. என்னைக் கேட்டால் புதிதாக நடத்துபவர்கள் முதலில் விழும் பள்ளம் இதுதான்.

என்சிஏஏ தேசியப் போட்டியின் பிராக்கெட் (யார் யாரோடு ஆடுவார் என்ற வரைபடம்) நிலையானது. ஞாயிறு அன்று அறிவித்த வரைபடத்தில் கோடு எங்கே போகிறதோ அணியும் அங்கேதான் போகும். கான்ஃபரன்ஸ் போட்டிகள் பலவற்றில் அப்படி இல்லை. ஈசிஏசியிலும் ஹாக்கி ஈஸ்டிலும் ஒரு சுற்று முடிந்ததும் மிச்சமிருக்கும் அணிகளை மறுபடி வரிசைப்படுத்துவார்கள். மேலே உள்ள அணி, மிச்சமிருப்பதில் கடைசியாக உள்ள அணியோடு ஆடும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். காலிறுதியில் 1-8, 2-7, 3-6, 4-5 என்று ஜோடிகள். எட்டாம் சீடு முதல் சீடைச் சாய்த்துவிட்டது, மற்ற மூன்றிலும் 2, 3, 4 ஜெயித்தன. நிலையான பிராக்கெட்டாக இருந்தால் அரையிறுதி 8-4, 2-3. மறுவரிசை செய்தால் 2-8, 3-4. எட்டாம் சீடின் வெற்றியைத் தைரியமாகக் கணித்த ஒரே ஆள், தன் ஃபார்மில் "8 எதிர் 4, வெல்வது 4" என்று எழுதியிருப்பார். உண்மையில் நாலாம் சீடு, ஈசிஏசி அரையிறுதி நடக்கும் லேக் பிளாசிட் போய் மூன்றாம் சீடை வென்றது. இவருக்குப் புள்ளி உண்டா இல்லையா? விதியில் எழுதாமல் விட்டால் இரண்டு பக்கமும் நியாயம் பேசலாம், ராத்திரி முழுக்கப் பேசுவார்கள்.

இரண்டு வழிகளில் தீர்க்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஃபார்ம் திறப்பது முதல் வழி. ஜோடி தெரிந்த பிறகே கணிப்பு வாங்குவதால் சிக்கலே இல்லை, ஆனால் ஒவ்வொரு வாரமும் நாற்பது பேரையும் நினைவூட்டித் துரத்த வேண்டும், மூன்றாம் வாரத்தில் பத்துப் பேர் உதிர்ந்துவிடுவார்கள். எதிராளி யார் என்றே கேட்காமல் விடுவது இரண்டாவது. "அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகள், இறுதிக்கு வரும் இரண்டு, கோப்பை ஒன்று" என்று மட்டும் கேளுங்கள். அணி அங்கே வந்துவிட்டால் புள்ளி, யாரை வென்று வந்தது என்பது நம் கணக்கில் வராது. நான் இரண்டாவதற்கு மாறினேன், அதற்குப் பிறகு இந்தச் சண்டை எங்கள் கூட்டத்தில் வந்ததில்லை.

போட்டி நடுவில் இருக்கும்போதே இந்தக் கோளாறு தெரிந்தால்? இரண்டாவது விதியை உடனே எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிடுங்கள். மேலே சொன்ன ஆளுக்குப் புள்ளி கொடுங்கள். எட்டாம் சீடையும் கணித்து, நாலாம் சீடு இறுதிக்கு வரும் என்றும் சொன்னவருக்கு, ஜோடி மாறியதைக் காரணம் காட்டி மறுப்பது எனக்கு ஒப்பவில்லை.

"சனிக்கிழமை நிரப்பின பிராக்கெட்டும் ஞாயிறு வந்ததும் வேறு வேறாக இருக்கின்றன"

யாரோ உத்தேசப் பட்டியலைப் பார்த்து ஃபார்மைச் சீக்கிரம் திறந்துவிட்டார்கள். பதினாறு இடங்களில் ஆறு, கான்ஃபரன்ஸ் கோப்பை வென்றவர்களுக்கு நேரடியாகப் போகும். மிச்சம் பத்துதான் தரவரிசைப்படி. உள்ளே வரவே வழியில்லாத ஓர் அணி சனிக்கிழமை இரவு கோப்பையைத் தூக்கிவிட்டால், விளிம்பில் இருந்த ஓர் அணி வெளியே போய்விடும். அதோடு ரீஜனலை நடத்தும் கல்லூரி தகுதி பெற்றால் அது தன் ரீஜனலில்தான் ஆட வேண்டும். 2025-இல் அலன்டவுனை நடத்திய பென் ஸ்டேட் அங்கேயே ஆடியது. ஒரே கான்ஃபரன்ஸ் அணிகளை முதல் சுற்றில் மோதவிடாமலும் பார்ப்பார்கள். ஆகவே 1-16, 2-15 என்று நாமே கணக்குப் போட்டு ஜோடி சேர்க்கவும் முடியாது.

ஞாயிறு அறிவிப்புக்குப் பிறகே ஃபார்மைத் திறங்கள். முன்பே வந்த கணிப்புகளை ரத்து செய்து, அனுப்பியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லுங்கள். பொதுவில் ஒரு அறிவிப்புப் போட்டால் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள்.

"நேரத்துக்குள்தான் அனுப்பினேன், தாமதம் என்று வருகிறது"

முதலில் கெடு எந்த ஆட்டத்துக்கு என்று பாருங்கள். நான்கு ரீஜனல்களும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. 2025-இல் ஃபார்கோவும் டோலிடோவும் வியாழன், மான்செஸ்டரும் அலன்டவுனும் வெள்ளி. வெள்ளிக்கிழமை ஆடும் அணியின் ரசிகருக்கு வெள்ளிதான் முதல் நாள் என்று தோன்றும். கெடு என்பது வியாழன் முதல் பக் விழும் நேரம் என்று நாள், மணி, எந்த ஊர் மணி என்று மூன்றையும் எழுதுங்கள்.

அடுத்தது கடிகாரம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். 2025-இல் அது மார்ச் 9. சரியாகக் கான்ஃபரன்ஸ் பிளேஆஃப் நடுவில் வருகிறது. வெள்ளி, சனி ஆடி 1-1 என்று நிற்கும் தொடரின் மூன்றாவது ஆட்டம், கடிகாரம் மாறிய ஞாயிறு அன்றே நடக்கும். அரிசோனாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, 2024-25 முதல் அரிசோனா ஸ்டேட் என்சிஎச்சி கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. அந்த அணியின் ஊரான டெம்பி நகர மணியை வைத்துக் கெடு எழுதினால் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் கிழக்குக் கரையோடு உள்ள வித்தியாசம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணியாகிவிடும்.

என் அக்கா மகன் சென்னையிலிருந்து எழுதி அனுப்புவான். கிழக்குக் கரையில் இரவு 7 மணி ஆட்டம் என்றால் அவனுக்கு மறுநாள் காலை 5:30. கடிகாரம் மாறிய பிறகு அதுவே 4:30. அந்த வாரம் 5:30-க்கு முன் அனுப்பினால் போதும் என்று ஐந்து மணிக்கு எழுந்து அனுப்பினான், ஆட்டம் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. "மாமா, நான் ஸ்கோரைப் பார்க்கவே இல்லை" என்றான். பார்த்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன். தாமதமாக வந்த யாருக்கும் அதே விதி: தொடங்கிவிட்ட ஆட்டங்களுக்குப் பூஜ்யம், தொடங்காதவை செல்லும்.

ஷீட்டில் பார்க்க வேண்டியது: ஃபைல் மெனுவில் அமைப்புகள், அதில் நேர மண்டலம். ஃபார்ம் அனுப்பிய நேரம் அந்த மண்டலப்படிதான் பதிவாகும். கிழக்குக் கரை மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் மார்ச் மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, அனுப்பிய பதிலைத் திருத்தலாம் என்று அனுமதி கொடுத்திருந்தால், திருத்தினவுடன் பழைய நேரம் போய்ப் புது நேரம் ஏறிவிடும். கெடு முடிந்து பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினவர்கூட தாமதமாகத் தெரிவார். திருத்த விடாதீர்கள். மாற்ற நினைப்பவர் புதிதாக ஒன்று அனுப்பட்டும், கெடுவுக்கு முன் வந்ததில் கடைசியானது செல்லும்.

கெடு முடிந்ததும் ஃபார்மை மூடிவிட்டு, எல்லோருடைய கணிப்பையும் ஒரே பக்கமாக, யாரும் மாற்ற முடியாதபடி எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். பின்னால் வரும் பாதிச் சந்தேகங்கள் அதிலேயே அடங்கிவிடும்.

"ஆடாத ஆட்டத்துக்குப் புள்ளி விழுந்திருக்கிறது"

இரண்டு காரணங்கள் இருக்கலாம். தொடர் 2-0 என்று முடிந்து மூன்றாவது ஆட்டம் நடக்கவில்லை, ஆனால் ஃபார்மில் ஆட்டம் ஆட்டமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டங்களைக் கேட்காமல் தொடரைக் கேளுங்கள். அல்லது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் அணிகளை ஷீட் வென்றதாக எண்ணியிருக்கும். ஈசிஏசியில் முதல் நான்கு அணிகளுக்கு அந்தச் சலுகை உண்டு. பெண்கள் தேசியப் போட்டியில் 2022 முதல் பதினோரு அணிகள், அதில் ஐந்து அணிகள் நேரே காலிறுதிக்குப் போகும். முதல் சுற்றில் மூன்றே ஆட்டங்கள்தான். அந்தக் கட்டங்களைக் காலியாக விடாமல் "ஆட்டமில்லை" என்று எழுதி, புள்ளி ஃபார்முலாவில் அதற்குப் பூஜ்யம் கொடுங்கள்.

"ஆட்டமே நடக்கவில்லை, ஆனால் ஓர் அணி அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது"

2021-ஐ நடத்தியவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். முந்தைய வருடம் போட்டியே ரத்து. அந்த வருடம் எப்படியோ தொடங்கியது, ஆனால் கொரோனாவால் நோட்டர் டேம் விலகியது, பாஸ்டன் கல்லூரி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. ஃபார்கோவில் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது மிஷிகனும் விலக வேண்டியதாயிற்று. மின்னசோட்டா டுலூத் ஆடாமல் ரீஜனல் இறுதிக்கு வந்து, மறுநாள் நார்த் டகோட்டாவை ஐந்தாவது ஓவர்டைமில் 3-2 என்று வென்றது. தேசியப் போட்டி வரலாற்றிலேயே நீண்ட ஆட்டம் அது.

கணிப்புப் போட்டியில் இதை எப்படி எண்ணுவது? மிஷிகனைக் கணித்தவர், "தோற்கவே இல்லையே" என்பார். டுலூத்தைக் கணித்தவர், "போய்விட்டதே" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. நடக்காத ஆட்டத்துக்கு யாருக்கும் புள்ளி கிடையாது, மொத்தப் புள்ளியிலும் அதைக் கழித்துவிடுங்கள். அடுத்த சுற்றுகளுக்கு உள்ளது உள்ளபடி: டுலூத் நார்த் டகோட்டாவை வெல்லும் என்று எழுதியவருக்கு அந்தப் புள்ளி முழுவதும் உண்டு, அந்த ஐந்து ஓவர்டைமும் நிஜமாக ஆடியதுதானே. மிஷிகனை இறுதிவரை எழுதியவருக்கு மிச்சமெல்லாம் போய்விடும். அவருக்கு அது கசக்கும், ஆனால் வேறு வழியில் எண்ணிப் பார்த்தபோதெல்லாம் இன்னொருவருக்கு அநியாயம் வந்தது.

இந்த விதியைப் போட்டி தொடங்குமுன்பே எழுதி வையுங்கள். கொரோனா இல்லாவிட்டாலும் பனிப்புயல் இருக்கிறது.

"ஓவர்டைமில் வந்த கோலைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தகராறு"

சேருங்கள். பிளேஆஃபில் பெனால்டி ஷூட்அவுட் கிடையாது. இருபது நிமிட ஓவர்டைம், ஐந்துக்கு ஐந்து பேர், யார் முதல் கோல் போட்டாலும் முடிந்தது. வழக்கமான சீசனில் மூன்றுக்கு மூன்று பேர் ஆடும் ஐந்து நிமிட ஓவர்டைமைப் பார்த்துப் பழகியவர்கள் இதில் குழம்புவார்கள். ஆட்டத்தின் தேதியை வைத்து ஃபார்முலா போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். 2015 மார்ச் 6 அன்று ஹாக்கி ஈஸ்ட் முதல் சுற்றில் யூமாஸ், நோட்டர் டேமை ஐந்தாவது ஓவர்டைமில் 4-3 என்று வென்றது. ஆடிய நேரம் மட்டும் 151 நிமிடம் 42 விநாடி, முடிந்தபோது நள்ளிரவு தாண்டி மறுநாள் ஆகிவிட்டது. ஆட்டம் தொடங்கிய தேதிதான் ஆட்டத்தின் தேதி.

"ஃப்ரோஸன் ஃபோருக்கு முன்பே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிட்டது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை"

இது புள்ளி முறையின் கோளாறு. பதினாறு அணிகள், பதினைந்து ஆட்டங்கள். 1, 2, 4, 8 என்று சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டுப் புள்ளி, ஆக 32. கோப்பை வெல்லும் அணியை மட்டும் சரியாகச் சொன்னவர் அந்த ஓர் அணியாலேயே 15 புள்ளி வாங்கிவிடுவார். முதல் சுற்றில் எட்டில் ஏழைச் சரியாகக் கணித்தவருடைய உழைப்பு காணாமல் போகும். ஹாக்கியில் முதல் சுற்றுதானே கஷ்டம்! 2025-இல் நான்கு முதல் சீடுகளில் இரண்டு முதல் ஆட்டத்திலேயே வெளியேறின: மெய்னை பென் ஸ்டேட் 5-1 என்றும், மிஷிகன் ஸ்டேட்டை கார்னெல் 4-3 என்றும் வென்றன. 2013-இல் நாலாம் சீடாக உள்ளே வந்த யேல், கோப்பையையே கொண்டுபோனது.

நான் 1, 2, 3, 5 என்று வைத்திருக்கிறேன். மொத்தம் 27. முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் தலா எட்டு, அரையிறுதி ஆறு, இறுதி ஐந்து. கடைசி வரை மூன்று நான்கு பேராவது போட்டியில் இருப்பார்கள்.

சிறிய அணியின் வெற்றியைக் கணிப்பவருக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அளவோடு. வென்ற அணியின் சீடு எண்ணையே புள்ளியாகக் கொடுப்பவர்கள் உண்டு. முதல் சீடு வென்றால் ஒன்று, நாலாம் சீடு வென்றால் நான்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலாம் சீடு ஐந்தில் ஒரு முறை ஜெயித்தாலே இரண்டு பக்கமும் சமமாகிவிடும். ஹாக்கியில் அது ஐந்தில் ஒரு முறைக்கு மேல் ஜெயிக்கும் என்று நம்புகிறவர், ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் யோசிக்காமல் எல்லா நாலாம் சீடையும் டிக் அடித்துவிட்டுப் போகலாம். ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி என்று வைத்தால், மூன்றில் ஒரு முறை ஜெயிக்கும் என்று நம்பினால்தான் அது லாபம். அங்கே ஆள் யோசித்தாக வேண்டும்: கோல்கீப்பர் யார், போன வாரம் எப்படி ஆடினார்கள், எந்த ஊரில் ஆட்டம். நமக்கு வேண்டியது அந்த யோசனைதான்.

இந்த வருடத்துக்குப் புள்ளியை மாற்ற முடியாத நிலையில் இருந்தால், ரீஜனல் முடிந்து ஃப்ரோஸன் ஃபோருக்கு இடையே பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. நான்கு அணிகளுக்கு மட்டும் புதிதாக ஒரு சின்னக் கணிப்பு நடத்துங்கள். அணி தோற்ற ரசிகர்களும் அதற்குத் திரும்பி வருவார்கள். முக்கியப் பட்டியலில் "இன்னும் அதிகபட்சம் எத்தனை எடுக்கலாம்" என்று ஒரு நெடுவரிசையும் சேருங்கள், தனக்கு வாய்ப்பு இருப்பதே தெரியாமல் பலர் விலகிப் போகிறார்கள்.

"மூன்று பேர் சமப் புள்ளியில் நிற்கிறார்கள்"

வரத்தான் செய்யும். பதினைந்து ஆட்டங்களை நிரப்ப மொத்தம் 32,768 வழிகள்தான் உண்டு, நம் ஆட்கள் அதில் ஒரு மூலையைச் சுற்றியே நிரப்புவார்கள்.

இறுதி ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து எத்தனை கோல் என்று கேட்டு வையுங்கள். 2021 முதல் 2025 வரை அந்த எண் 5, 6, 5, 2, 8. டென்வர் 2024-இல் பாஸ்டன் கல்லூரியை வென்றது 2-0, மறு வருடம் வெஸ்டர்ன் மிஷிகன் பாஸ்டன் பல்கலையை வென்றது 6-2. நன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கேள்வி. ஆனால் விடை 5 என்றால் 4 சொன்னவரும் 6 சொன்னவரும் சம தூரத்தில் நிற்பார்கள், அதற்கு இரண்டாவதாக அரையிறுதி இரண்டிலும் சேர்த்து எத்தனை கோல் என்று கேளுங்கள். 2025-இல் அது ஒன்பது. கோல்கீப்பரை வெளியே எடுத்திருக்கும்போது காலிக் கோலில் அடித்ததும் கோல்தான் என்று எழுதி வையுங்கள்.

முதலில் அனுப்பியவருக்கு முன்னுரிமை என்று வைக்காதீர்கள். ஞாயிறு இரவு வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? இரண்டு கேள்விக்கும் பிறகும் சமமாக இருந்தால் பரிசைப் பகிர்ந்து கொடுங்கள்.

"வரிசைப்படுத்தினதும் எல்லோருடைய புள்ளியும் மாறிவிட்டது"

உடனே அன்டூ செய்யுங்கள். பெயரும் புள்ளியும் உள்ள இரண்டு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருப்பீர்கள், கணிப்புகள் பழைய இடத்திலேயே நின்றிருக்கும். ஃபார்ம் பதில்கள் விழும் தாளில் எதையும் வரிசைப்படுத்தவும் வேண்டாம், ஃபார்முலா எழுதவும் வேண்டாம். முடிவுகளுக்கு ஒரு தாள், கணக்குக்கு ஒரு தாள், காட்டுவதற்கு ஒரு தாள் என்று பிரித்துவிட்டால் இது திரும்ப வராது. அன்டூவால் மீளவில்லை என்றால் பதிப்பு வரலாற்றில் முந்தைய நாள் பிரதி இருக்கும்.

"அணியில் உள்ள ஒருவர் சேரலாமா என்று கேட்கிறார்"

உங்கள் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டணம் வாங்கிப் பரிசு கொடுக்கும் கணிப்புப் போட்டியில் கல்லூரி வீரர்களும் பயிற்சியாளர்களும் விளையாட்டுத் துறை ஊழியர்களும் சேர என்சிஏஏ விதி இடம் தருவதில்லை. ஐந்து டாலர் என்றாலும் அவர்கள் கணக்கில் அது பந்தயம். ஒரு பையனின் சீசன் இதில் போய்விடக்கூடாது. நான் கட்டணமே வாங்குவதில்லை. ஜெர்சியை நானே வாங்குகிறேன். அப்படியும் அணியோடு தொடர்புள்ளவர் கேட்டால், வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிடுகிறேன். உள்ளே யாருக்குக் காயம் என்று தெரிந்தவர் அவர், மற்றவர்களுக்கும் அது சரியாக இருக்காது.

நடத்துகிறவரும் கணிப்பு எழுதலாம், பட்டியலில் பெயரும் இருக்கலாம். பரிசு மட்டும் கூடாது.

"பரிசு கொடுத்த பிறகு கணக்கில் தப்பு தெரிந்தது"

ஒரு வருடம் எனக்கு இது நடந்தது. ஜெர்சி போய்ச் சேர்ந்து நாலாம் நாள், இரண்டாம் இடத்தில் இருந்தவர் தன் கணிப்பைக் காகிதத்தில் கையால் கூட்டிப் பார்த்து அனுப்பியிருந்தார். அதே 2-1 கோளாறு, ஒரு காலிறுதித் தொடரில் ஒளிந்திருந்தது. சரி செய்ததும் அவருக்கு ஒரு புள்ளி கூடி முதலிடம் வந்தது.

ஜெர்சியைத் திரும்பக் கேட்கவில்லை. எது தப்பு, எந்தக் கட்டம், எவ்வளவு புள்ளி மாறியது என்று அன்றைக்கே எல்லோருக்கும் எழுதினேன். திருத்திய பட்டியலைப் பழைய பட்டியலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். முதலில் வாங்கியவருக்குத் தனியாகப் போன் செய்து, பட்டியல் வெளியே போகுமுன் நானே சொன்னேன். பிறகு இன்னொரு ஜெர்சி வாங்கி, கையால் கூட்டிப் பார்த்தவருக்கு அனுப்பினேன். அளவு கேட்டபோது தன் மகளின் அளவைச் சொன்னார், கணிப்பு எழுதியது அவள்தானாம்.